மீன் வாங்க வராதவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம் மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது இது. அன்று நான் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் கன்னத்தில் சூடு ஏறுகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய வீடு. மாடியில் இரண்டு அறையும் ஒரு சின்ன சமையலறையும் இருக்கின்றன. பிள்ளைகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அடையாறு பக்கம் ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விட ஆரம்பித்தோம். அசாமிலிருந்து வருவார்கள், வங்காளத்திலிருந்து வருவார்கள். அந்த வருடம்தான் முதல் தடவையாக வெளிநாட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். போலீஸ் பதிவு வேலையெல்லாம் ஆஸ்பத்திரி ஆளே முடித்துக் கொடுத்தார். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்று படிக்கும்போது உங்களுக்கே தெரியும். பூமிக்கு அடியில் எண்ணெய் ஊறுகிற நாடு, பல வருடங்களாக ஒரே தலைவர். அவ்வளவு போதும்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஆங்கிலம் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசுவார். மனைவிக்கு முதுகுத்தண்டில் கோளாறு. யாராவது பிடித்துக்கொண்டால்தான் நடக்க முடியும். இரண்டு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். முதலாவது முடிந்து ஆறு வாரம் கழித்து இரண்டாவது. விமான டிக்கெட், ஆஸ்பத்திரி, எங்கள் வீட்டு வாடகை எல்லாமே அவர்கள் அரசாங்கத்தின் செலவு. ஆனால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அங்கிருந்து தனித்தனியாக அனுமதிக் கடிதம் வர வேண்டும்.

வந்த அன்றே அவர் என்னிடம் கேட்டது ஒரு ஆணியும் சுத்தியலும். கண்ணாடி போட்ட ஒரு படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து முன்னறைச் சுவரில் மாட்டினார். அவர்கள் தலைவரின் படம். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, மறுபடி போய்ச் சரிசெய்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. “எவ்வளவு நன்றியுள்ள மனுஷர் பாருங்க” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

சாயங்காலங்களில் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும்போது அவரிடம் பேச்சுக் கொடுப்பேன். உங்கள் ஊரில் கரண்ட் பில் எவ்வளவு, பெட்ரோல் என்ன விலை, படிப்புக்கு என்ன ஆகும் என்று கேட்பேன். கரண்ட் பில் பெயருக்குத்தான் என்பார். பெட்ரோல், தண்ணீர் பாட்டிலைவிட மலிவு. பள்ளிக்கூடம், காலேஜ், புத்தகம் எல்லாம் இலவசம். ரொட்டி விலை பல வருடமாக ஏறவே இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அரசாங்கமே வீடு கொடுக்கும். உள்ளூரில் பார்க்க முடியாத வியாதி என்றால் இப்படி வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும்.

கேட்கக் கேட்க எனக்கு ஏக்கமாக இருக்கும். அப்போது எங்கள் தெருக்கோடியில் மூன்று மாதமாகச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தாழ்வான பக்கத்து வீடுகளின் வாசலில் கறுப்புத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் எங்களுக்கு நாற்றம் மட்டும்தான்.

“எங்க ஊர்ல ஜனநாயகம் ஜாஸ்தி சார். ஆளாளுக்குக் கத்துவாங்க, ஒண்ணும் நடக்காது. உங்களுக்கு இருக்கிற மாதிரி ஒரே ஒருத்தர் இருந்தா போதும்” என்பேன்.

“ஆமாம் மேடம். நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்” என்பார் அவர். எப்போது கேட்டாலும் அதே வார்த்தை, அதே குரல். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’ என்பார்களே, அந்த மாதிரி. நான் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், ஒரு நாள் மாடி அறையைப் பெருக்கப் போனேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைக் காணோம். அலமாரியைத் துடைக்கத் திறந்தபோது, ஒரு பழைய துண்டில் சுற்றி, முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்தது தெரிந்தது. அவரிடம் கேட்டபோது, “தூசி படுமே என்று” என்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் நாட்டு அதிகாரி ஒருவர் வீடியோவில் கூப்பிடுவார். அன்றைக்கு மட்டும் படம் சுவரில் இருக்கும். நான் அதற்குமேல் யோசிக்கவில்லை.

எங்கள் தெரு முனையில் இருபது வருடமாக மீன் விற்கும் ஒரு அம்மா இருக்கிறார். அவர் வீடு அந்தத் தாழ்வான பக்கத்தில்தான். கணவர் இல்லை. ஒரே பெண், தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். மாடி விருந்தாளியின் நாட்டுப் பெருமையை நான் தெருவெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தேன் அல்லவா, மீன்காரம்மாவிடமும் சொன்னேன்.

“அப்டியா யக்கா? அந்த ஊர்ல மீன் விக்க ஆள் வேணுமான்னு கேளு. நாளைக்கே கெளம்பிடறேன்” என்று சொல்லிவிட்டு, சங்கரா மீனின் செதிலைச் சுரண்டுவதில் இறங்கிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை கவுன்சிலர் வந்து தெருக்காரர்களின் குறை கேட்பதாக ஒரு கூட்டம். நான் கிளம்பும்போது விருந்தாளி மருந்து வாங்கிக்கொண்டு எதிரே வந்தார். மனைவியைத் திரும்ப மாடிக்கு அழைத்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் தூங்குகிறார் என்றார். “வாங்க சார், எங்க ஊர்க் கூத்தை ஒரு பத்து நிமிஷம் பாருங்க” என்று விளையாட்டாகக் கூப்பிட்டேன். மறுத்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, வந்தார். முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

நான்கு மணிக் கூட்டத்துக்குக் கவுன்சிலர் ஐந்து மணிக்கு வந்தார். வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் மீன்காரம்மா எழுந்துவிட்டார்.

“மூணு மாசமா வாசல்ல சாக்கடத் தண்ணி நின்னுகினு கீது. ஓட்டு கேக்க வந்தப்போ செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து, குந்திகினு தண்ணி வாங்கிக் குடிச்சியே! இப்போ வா. செருப்பப் போட்டுகினே வா. எப்டி உள்ள வர்றேன்னு நானும் பாக்குறேன்.”

“அம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க. டெண்டர் விட்டிருக்கு...”

“டெண்டர வெச்சு நான் வாசத் தெளிக்கட்டுமா?”

மொத்தக் கூடமும் சிரித்தது. கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கவுன்சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அம்மாவுக்கு ஒரு டீ குடுங்கப்பா” என்றார். “டீ ஒண்ணும் வாணாம். லாரி அனுப்பு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் மீன்காரம்மா. நான் எல்லாவற்றையும், சுற்றியிருந்தவர்கள் முகத்தையும் சேர்த்து, என் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது விருந்தாளி இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டு கேட்டருகில் நின்று, “அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் உண்டா?” என்று கேட்டார். ஒரு பெண் என்றேன்.

“இன்று இரவு அவர் எங்கே தங்குவார்?”

“அவங்க வீட்லதான் சார். வேற எங்க?”

“வீட்டில் இருந்தால் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்களே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு, கவுன்சிலரா? அவர் வீட்டுக்கு மீன் போறதே இவங்ககிட்டேயிருந்துதான் சார்” என்றேன். அவரும் சிரிக்க முயற்சி செய்தார். அந்தச் சிரிப்பை நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் போனதும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோவைப் போட்டேன். ‘எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் எண்ணெய் நாட்டிலிருந்து வந்த நம் விருந்தாளியே நம்ம ஊர் லட்சணத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார்!’ என்று கீழே எழுதினேன். அவருடைய நாட்டின் பெயரையும் சேர்த்தேன். தூங்கப் போவதற்குள் நிறைய பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, பதினோரு மணி இருக்கும். சமையலறைப் பக்கக் கதவில் யாரோ தட்டினார்கள். விருந்தாளி. அவர் ஒருபோதும் அந்தப் பக்கம் வந்ததில்லை. பரிசோதனை முடிவு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனவர், பாதியில் திரும்பி வந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. போனை என் பக்கம் நீட்டினார்.

நான் எடுத்த அதே வீடியோதான். ஆனால் யாரோ பாட்டுச் சேர்த்து, ‘எங்கம்மா கெத்து’ என்று எழுதி, இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ஊழியர், “சார், நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க” என்று சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறார். மீன்காரம்மா பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டுகிற இடம். முன்வரிசையில் அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவரும் கைதட்டுகிறார். லேசாக இல்லை, இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி.

“இது நான்தானா? நான் கைதட்டிய ஞாபகமே எனக்கு இல்லை” என்றார்.

பிறகு மெதுவான குரலில் சொன்னார். அதே ஆஸ்பத்திரிக்கு அவர்கள் நாட்டிலிருந்து இன்னும் சில பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் யார் ஊருக்கு என்ன எழுதி அனுப்புகிறார் என்று யாருக்கும் தெரியாது. அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுகிற கூட்டத்தில் அவர் கைதட்டுவதைப் பார்த்தால், எந்த நாட்டு அரசாங்கம் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். மனைவியின் இரண்டாவது ஆபரேஷனுக்குக் கடிதம் வராது. “கடிதம் வராமல் போவது சின்ன விஷயம் மேடம். திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் யார் வந்து நிற்பார்கள் என்பதுதான்...” என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. தயவுசெய்து என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.

உடனே குழுவில் இருந்ததை அழித்தேன். ஆனால் பார்த்தவர்கள் போனில் இருக்குமே? செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். இருபது வருடமாக அந்தத் தெருவில் வீட்டு வேலைக்கு ஆள் கேட்கக்கூட நான் யார் கதவையும் தட்டியதில்லை. “நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன், அந்த வீடியோவை அழிச்சிடுங்க, யாருக்காவது அனுப்பியிருந்தா அவங்களையும் அழிக்கச் சொல்லுங்க” என்று கதவுக்குக் கதவு சொன்னேன். சிலர் காரணம் கேட்டார்கள், சிலர் கேட்காமலே என் கண் முன்னால் அழித்தார்கள். ஒருவர், “இதுக்குப் போயி ஏன் இப்படி அலையறீங்க?” என்று சிரித்தார். சனிக்கிழமை நான் சிரித்தது மாதிரியே இருந்தது.

இன்ஸ்டாகிராமில் போட்டது மீன்காரம்மாவின் பெண்தான் என்று தெரிந்துவிட்டது. மீன் கடைக்கு ஓடினேன். ஐஸ் பெட்டிமேல் சாக்கை மூடிக்கொண்டிருந்த அவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். எனக்குள் ஒரு பயம் இருந்தது. அந்த வீடியோவால் அவருக்கு அந்த இரண்டு நாளில் எவ்வளவு மரியாதை! வருகிறவர்கள் எல்லாம் அதைப் பற்றித்தான் பேசினார்கள். அதைப் பார்த்தாவது லாரி வரும் என்று தெருக்கோடியில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அந்த மனுசனுக்கு ஆபத்தா யக்கா?”

“ஆமா.”

“ஆட்டோவக் கூப்டு.”

ஜவுளிக் கடையில் வேலை செய்கிறவர்கள் காலையிலேயே போனை ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. நேரில்தான் போக வேண்டும். ஆட்டோவில் போகும்போது மீன்காரம்மா சொன்னார்:

“நானே ஒன்ன கேக்கணும்னு இருந்தேன். நேத்து காலீல அவரு கடையாண்ட வந்தாரு. என்னப் பாத்து நல்லா சிரிச்சாரு. மீன் ஒண்ணும் வாங்காம திரும்பிப் போய்ட்டாரு. இன்னிக்கும் அதே மாதிரி. இன்னா சமாச்சாரம்னு புரியல.”

எனக்குப் புரிந்துவிட்டது. பனகல் பார்க் சிக்னலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. நான் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மீன்காரம்மா இன்னும் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் அவர் விடிந்ததும் போயிருக்கிறார். கூட்டத்தில் எழுந்து கத்திய ஒரு பெண், மறுநாள் தன் பலகை முன்னால் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஒரு நாள் பார்த்தும் போதவில்லை, இரண்டாம் நாளும் போயிருக்கிறார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கடை பிதுங்கிக்கொண்டிருந்தது. பின்சந்தில் ஊழியர்கள் போகும் வாசலில் வாட்ச்மேன் எங்களை நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர்தான். “சீசன் நேரத்துல யாரையும் வெளிய விட முடியாதுங்க. கடை சாத்தினப்புறம் வாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இப்போது இந்த அம்மா ஒரு சத்தம் போடப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். மீன்காரம்மா இரண்டு கையையும் கூப்பினார். கவுன்சிலரை ‘வா, போ’ என்று பேசியவர், அந்தச் சந்தில், அத்தனை பேர் பார்க்க, குனிந்து நின்றார்.

“தம்பி, ஒரு உசுரு விசயம்பா. என்ன நம்பு. அஞ்சு நிமிசம் அவள வுடு. ஒன் கால்ல வேணா வுழறேன்.”

“ஐயோ, அதெல்லாம் வேணாம்மா” என்று அவரே பதறிப்போய், பெண்ணையும் அவள் போனையும் அனுப்பினார். அவளுக்கு வீடியோவை அழிக்க மனமே வரவில்லை. “ஆயிரக்கணக்குல பாத்துருக்காங்கம்மா. வாழ்க்கைல ஒரே ஒரு வாட்டிதான் நீ ஃபேமஸ் ஆகியிருக்க” என்று கண் கலங்கினாள்.

“நான் இன்னொரு வாட்டி கத்திக்கிறேன்டி. நீ எடு” என்றார் அம்மா.

அவள் அழித்துவிட்டு, போன் திரையை எங்கள் இருவருக்கும் திருப்பிக் காட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது விருந்தாளி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். மேலே அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். “கொஞ்சம் உட்காருங்கள் மேடம்” என்றார். இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

அவருக்கு ஒரு அண்ணன். எண்ணெய் எடுக்கும் இடத்தில் இன்ஜினியர். தம்பி மனைவிக்கு முதுகு வலி ஆரம்பித்த வருடம், ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில் அண்ணன் எழுந்திருக்கிறார். ரொம்ப மரியாதையாக, தலைவரை வாழ்த்திவிட்டு, ‘இவ்வளவு எண்ணெய் எடுக்கிறோம், நம் ஊர் ஆஸ்பத்திரியில் முதுகுக்கு வைத்தியம் பார்க்க ஒரு டாக்டர் ஏன் இல்லை?’ என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேள்வி. மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். “பதினோரு வருடம் ஆகிறது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்கக்கூட எங்களுக்கு ஓர் இடம் இல்லை” என்றார்.

அவரே தொடர்ந்தார். “மனைவியால் நடக்கவே முடியாமல் போனபோது, அவர்களுக்குத்தான் மனு எழுதினேன். தலைவரின் கருணையைப் புகழ்ந்து இரண்டு பக்கம். கடிதம் வந்தது, ஊரே எங்களை வாழ்த்தியது. நீங்கள் கேட்டபோது நான் சொன்னதெல்லாம் பொய் இல்லை மேடம். ரொட்டி மலிவுதான். பள்ளிக்கூடம் இலவசம்தான்.”

படிக்கட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னார். “அண்ணன் பேசிய அன்று நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். யாரும் கைதட்டவில்லை. நானும் தட்டவில்லை.”

மொட்டைமாடியில் அவரிடம் நான் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ‘ஒரே ஒருத்தர் இருந்தா போதும்’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அவர் அண்ணனை நினைத்துக்கொண்டுதானே ‘அதிர்ஷ்டசாலிகள்’ என்று சொல்லியிருப்பார்? மன்னிப்புக் கேட்டேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். அது என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னது. தெரிந்துகொள்ளாமலே பேசினேன் என்பதுதான் உண்மை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரி கூப்பிடும் நாள். அவர் சவரம் செய்து, கோட்டுப் போட்டுக்கொண்டு, படத்தைத் துடைத்து மாட்டிவிட்டுப் போன் முன்னால் உட்கார்ந்தார். நான் படிக்கட்டில் நின்று புரியாத பாஷையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரியின் குரலில் கோபம் இருக்கிறதா என்று மட்டும் காது கொடுத்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்தவர், “எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலிருப்பது நல்லதா என்று சொல்ல முடியாது” என்றார். பாவம், அந்த மனுஷருக்கு நிம்மதியைக்கூட நம்ப முடியவில்லை.

இன்னும் பத்து நாள் அப்படியே போயிற்று. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடிதம் வந்தது. மாடியிலிருந்து அவர் இறங்கிவந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் போய் ஸ்வீட் வாங்கி வந்தார். முதல் துண்டை எடுத்துக்கொண்டு விருந்தாளி தெரு முனைக்குப் போனார். மீன்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்தார். அதை எப்படிச் சமைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் மீன்காரம்மாவே மாடி ஏறி வந்து குழம்பு வைத்துக் கொடுத்தார்.

மாடி ஏறும்போது மீன்காரம்மா ஒவ்வொரு படியிலும் முழங்காலைப் பிடித்துக்கொள்வார். இருபது வருடமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்த கால். அதை அந்த வெளிநாட்டு அம்மா திறந்த கதவு வழியாகப் படுக்கையிலிருந்தே கவனித்திருக்கிறார். ‘இந்தக் காலுக்கு என்ன வைத்தியம் பார்க்கிறார்கள்?’ என்று கணவர் மூலம் என்னிடம் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“பெரியாஸ்பத்திரில தேதி குடுக்குறாங்க. அன்னிக்குப் போனா இன்னொரு தேதி குடுக்குறாங்க. நானும் வுடறதா இல்ல, போய்க்கினேதான் கீறேன்” என்றார் மீன்காரம்மா.

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெளிநாட்டு அம்மா தன் தலைமாட்டிலிருந்த தைலத்தை எடுத்தார். மீன்காரம்மாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்த முழங்காலில் தேய்த்துவிட்டார். “ஐய, மீன் கவுச்சி அடிக்கும், வுடும்மா” என்று இவர் நெளிந்தார். அவருக்குப் பாஷை புரியவில்லை, விடவும் இல்லை. முதுகு சரியாகப் போகிற ஒருத்தி, வாய்விட்டுக் கேட்க முடிந்த இன்னொருத்தி. இரண்டும் சேர்ந்து ஒரே ஊரில் ஏன் கிடைக்கக் கூடாது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாக்கடை லாரி வந்தது இரண்டு மாதம் கழித்துத்தான். அதற்குள் மீன்காரம்மா சொன்னபடியே இன்னும் இரண்டு தடவை கத்தினார். இரண்டாவது தடவை நானும் கூட எழுந்து நின்றேன். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு பொதுக் கூட்டத்தில் பேசினேன். வீட்டுக்கு வந்து ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, விருந்தாளியின் மனைவி எங்கள் மாடிப்படியைத் தானாகவே இறங்கி வந்துதான் விமான நிலையத்துக்குப் போனார். காரில் ஏறும் முன் விருந்தாளி என்னிடம், “நான் எழுதாவிட்டால் நீங்களும் எழுதாதீர்கள் மேடம். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்” என்றார். சரி என்றேன். பல மாதம் ஒன்றும் வரவில்லை. நான் தப்புக் கணக்கெல்லாம் போட்டுப் பயந்துகொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து ஒரு நாள், தெரியாத எண்ணிலிருந்து ஒரு வீடியோ வந்தது. முகம் இல்லை, பேச்சு இல்லை. ஓடு பதித்த ஒரு தரையில் இரண்டு பெண் கால்கள் நடந்து போகின்றன, திரும்பி வருகின்றன. பார்த்துவிட்டு, அவர் கேட்காமலே அதை உடனே அழித்தேன்.

அதன் பிறகு அந்த நாட்டைப் பற்றிச் செய்தி வந்தால் விலைவாசியை மட்டும் பார்த்து ஏங்குவதை விட்டுவிட்டேன். யார் முகத்தையும் அவர்களைக் கேட்காமல் எங்கேயும் போடுவதில்லை. கூட்டத்தில் யாராவது எழுந்து உரக்கக் கேள்வி கேட்டால் முன்பெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இப்போது, மறுநாள் காலையில் அவர் வழக்கம்போலத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று யோசிக்காமலே நம்ப முடிகிறதே, அது எவ்வளவு பெரிய சொத்து என்றுதான் தோன்றுகிறது.